புதிய படைப்பு வேண்டும் என்று கலைஞர்களை எப்படி அழைப்பது?

திருச்சியில் மூன்று நாள் நிகழ்கலை விழா நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாடகம், கூத்து, நடனம் மூன்றிலும் புதிய படைப்புகளை அனுப்பச் சொல்லிப் போன முறை அறிவிப்பு வெளியிட்டோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே பல மேடை கண்ட நிகழ்ச்சிகள். கிராமத்துக் கலைஞர்கள் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. அறிவிப்பை எப்படி எழுதினால் புதியது வரும்?" கேள்வியோடு போன முறை பயன்படுத்திய விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்திருந்தார். அதில் கேட்டிருந்தவை: குழுவின் பெயர், இயக்குநரின் பெயர், முழு நிகழ்ச்சியின் வீடியோ, பத்திரிகை விமர்சனங்கள், இதுவரை நிகழ்த்திய இடங்களின் பட்டியல், 500 ரூபாய் விண்ணப்பக் கட்டணம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. முழு வீடியோ வேண்டும் என்றால் நிகழ்ச்சி ஏற்கெனவே அரங்கேறியிருக்க வேண்டும். விமர்சனம் வேண்டும் என்றால் அதை யாராவது பார்த்து எழுதியிருக்க வேண்டும். புதியது கேட்டு அழைத்துவிட்டு, பழையவர்கள் மட்டுமே நிரப்பக்கூடிய படிவத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். விண்ணப்பித்தவர்கள் மேல் தப்பே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

புதிய படைப்பு கேட்பவர், இன்னும் உருவாகாத ஒன்றைக் கேட்கிறார். அது நன்றாக வரலாம், சொதப்பவும் செய்யலாம். அந்த இழப்பு அபாயத்தை யார் தாங்குவது என்பதுதான் ஒரு அழைப்பின் உயிர்நாடி. முழுக்கக் கலைஞர் தலையிலேயே அதைப் போட்டுவிட்டால், தாங்க வசதி உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே பாதுகாப்பாக ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை அனுப்புவார்கள். விழாவும் ஒரு பங்கைத் தாங்கினால்தான் புதியது வரும். அழைப்பில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

உலகத்தில் பெரிய விழாக்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தேர்வே இல்லாத விழா ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃப்ரிஞ்ச். 1947-ல் எடின்பரோ சர்வதேச விழா முதல்முறையாக நடந்தபோது, அழைப்பு இல்லாமலேயே எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டார்கள். ஆறு குழுக்கள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை, இரண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவை. பெரிய விழாவின் ஓரத்தில் நடந்ததால் 'ஃப்ரிஞ்ச்', அதாவது 'ஓரம்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. 1950-களின் கடைசியில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தபோது, யாருடைய நிகழ்ச்சியையும் தரம் பார்த்துத் தடுக்க மாட்டோம் என்பதையே விதியாக வைத்தார்கள். இன்றுவரை அப்படித்தான். 2019-ல் அங்கே 3,800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. பிரான்ஸில் அவிஞ்ஞோன் விழாவுக்கு வெளியே 1966-ல் ஆந்த்ரே பெனெதெத்தோ தொடங்கிவைத்த 'ஆஃப்' விழாவும் இதே வழியில் வளர்ந்தது.

கேட்க அழகாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் அரங்க வாடகை, தங்குமிடம், பயணம், விளம்பரம் எல்லாம் கலைஞரின் பொறுப்பு. ஆகஸ்டில் எடின்பரோவில் அறை வாடகை எங்கே போய் நிற்கும் என்பது அங்கே போய்வந்த எல்லோரும் புலம்பும் விஷயம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, உள்ளே வரும் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. விமர்சகர்களும் பிற விழாக்காரர்களும் தொலைக்காட்சி ஆட்களும் அங்கே குவிகிறார்கள் என்பதால் கடன் வாங்கியாவது போகிறார்கள். திருச்சியில் அந்தக் கூட்டம் இல்லை. அதனால் 'யாரும் வரலாம், செலவு உங்களுடையது' என்ற முறை உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு வகை, முடிந்த படைப்புகளில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும் விழா. தேசிய நாடகப் பள்ளி 1999-ல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ் அப்படிப்பட்டது. நாடு முழுவதும் ஏற்கெனவே மேடையேறிய நாடகங்களிலிருந்து தேர்வு செய்கிறார்கள், அதற்கு முழு வீடியோ கேட்பது நியாயம்தான். இந்த வகைப் படிவத்தைத்தான் நம் ஊர் விழாக்கள் பலவும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துகின்றன. நோக்கம் வேறாக இருக்கும்போது படிவம் மட்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது வகை, படைப்பு உருவாகும்போதே கூட நிற்கும் வகை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டில் 1964-ல் ஜார்ஜ் ஒயிட் தொடங்கிய யூஜின் ஓ'நீல் நாடக மையம், அடுத்த ஆண்டிலிருந்து நாடகாசிரியர்களுக்கான கோடை மாநாட்டை நடத்துகிறது. அங்கே போகிறவை மேடையேறாத பிரதிகள். தேர்வான நாடகத்தை நல்ல நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே, பெரிய அரங்க அமைப்பு எதுவும் இல்லாமல் வாசித்து நடிப்பார்கள். பார்வையாளர் எங்கே நெளிகிறார்கள், எங்கே மூச்சைப் பிடிக்கிறார்கள் என்பதை நாடகாசிரியர் உட்கார்ந்து கவனித்து, திரும்பவும் எழுதுவார். நாடகம் 'தயாராக' இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த மையத்துக்குத் தன் நாடகங்களை அனுப்பிக்கொண்டே இருந்தவர் அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன். அப்போது மின்னசோட்டாவில் செயின்ட் பால் நகரில் இருந்தார். ஒரு தொண்டு அமைப்பில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அனுப்பியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. 1982-ல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' தேர்வானது. மாநாட்டின் பொறுப்பில் இருந்த லாய்ட் ரிச்சர்ட்ஸ் அதை எடுத்து வளர்த்தார், 1984-ல் அது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்கான பிராட்வேயில் ஏறியது. பிறகு வில்சன் 1987-லும் 1990-லும் புலிட்சர் பரிசு பெற்றார். யாரும் சிபாரிசு செய்து அவர் உள்ளே வரவில்லை. பெயர் தெரியாதவரும் பிரதி அனுப்பலாம் என்ற கதவு இருந்தது, அனுப்பியதை ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து படித்தார்கள், முடியாது என்று பதில் சொன்னார்கள், அடுத்ததையும் அனுப்ப விட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் அவருடைய விடாமுயற்சியைவிட, அந்தப் பதில் கடிதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

லண்டனில் பழைய நகரமன்றக் கட்டடம் ஒன்றில் இயங்கும் பேட்டர்ஸி கலை மையம் 2000-ல் 'ஸ்கிராட்ச்' என்ற முறையைக் கொண்டுவந்தது. பாதி முடிந்த படைப்பின் ஒரு சிறு பகுதியை மட்டும் மக்கள் முன்னால் செய்துகாட்டுவது, முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது, அப்புறம் திரும்பிப் போய் வேலை செய்வது. வருகிறவர்களுக்கும் இது அரைகுறை என்று முன்பே தெரியும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்கள் மூன்று நாள் விழாவில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கிவிடலாம்: ஆறு படைப்புகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். அதில் நன்றாக வரும் ஒன்றிரண்டை அடுத்த ஆண்டு முழு நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். புதிய படைப்பு ஒரே ஆண்டில் விளைந்துவிடும் என்று எதிர்பார்க்கும் விழாக்கள்தான் ஏமாறுகின்றன.

சரி, இப்போது அழைப்புக்கு வருவோம்.

முதலில், கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். என்ன செய்யப்போகிறீர்கள், ஏன் இப்போது, யார் யார் சேர்ந்து செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான். எழுத வராதவர்கள் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அவர்களுடைய பழைய வேலை ஒன்றின் சில நிமிடக் காட்சி இருந்தால் போதும், போனில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்து அவர்களுடைய கைத்திறன் தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் தேறியவர்களிடம் மட்டும் விரிவாகக் கேளுங்கள்: பிரதியின் ஒரு பகுதி, செலவுக் கணக்கு, ஒத்திகைத் திட்டம். அப்படி விரிவாக எழுதச் சொல்லும்போது அந்த உழைப்புக்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். நூறு பேரிடம் முழுத் திட்ட அறிக்கை கேட்டு 96 பேரைத் திருப்பி அனுப்புவது, அத்தனை பேருடைய இரவுகளையும் இலவசமாக எடுத்துக்கொள்வதுதான்.

அப்புறம் மொழி. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற, கலைகளுக்கு நிதி தரும் தேசிய அளவிலான நிறுவனமே எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. திருச்சி விழாவின் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க ஒரு காரணமும் இல்லை.

கிராமத்துக் கலைஞர்கள் வராததற்கு மொழி மட்டும் காரணமில்லை. படிவத்தின் முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள்: குழுவின் பெயர், இயக்குநரின் பெயர். உங்கள் ஊரைச் சுற்றி, புதுக்கோட்டையிலும் மதுரையிலும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த அந்த நாடகத்தில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். அன்றைக்கு இரவு மேடையில்தான் அவர்கள் ஒன்றுசேர்வார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், மீதி அந்த நேரத்துச் சாமர்த்தியம். இவ்வளவு திறமை உள்ள ஒருவர் உங்கள் படிவத்தின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார், ஏனென்றால் எழுதுவதற்கு அவரிடம் குழுப் பெயர் இல்லை. தனி ஒரு கலைஞரும் விண்ணப்பிக்கலாம், உடன் சேர்ந்து வேலை செய்ய ஆள் வேண்டும் என்றால் நாங்கள் தேடித் தருகிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் அந்தத் தடை போய்விடும். ஒரு பபூன் கலைஞரும் ஒரு நவீன நாடகக்காரரும் சேர்ந்து இரண்டு மாதம் வேலை செய்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

இவர்களை அழைக்கச் சுற்றறிக்கை போதாது, ஆள் போக வேண்டும். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. வடமாவட்டங்களின் தெருக்கூத்து ஜமாக்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, கூத்தைக் கற்றுத்தந்து நடத்தும் வாத்தியார் முக்கியம், அவரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். காஞ்சிபுரத்தில் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம் போல, கலைஞர்களே சேர்ந்து அமைத்த அமைப்புகள் வழியாகவும் போகலாம். கூத்தில் ஒரு நிகழ்ச்சியை முடிவு செய்வது அச்சாரம் கொடுப்பதில்தான் இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு முன்பணம் கை மாறினால் அந்த நாள் உங்களுடையது. 'தேர்வானால் மின்னஞ்சல் வரும், சன்மானம் விழா முடிந்தபின் வங்கியில் ஏறும்' என்ற பேச்சு அவர்களுக்கு உறுதிமொழியாகவே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பது நியாயம்தான்.

கூத்தில் 'புதியது' என்றால் என்ன என்பதையும் நீங்கள் முன்பே யோசிக்க வேண்டும். இரவு முழுக்க நடக்கும் கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தரச் சொல்வதைப் புதிய படைப்பு என்று விழாக்கள் நினைக்கின்றன. அது வெறும் வெட்டு. வாத்தியார் புதிதாக ஒரு கதையை எடுத்துப் பாட்டு கட்டி, கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் முதல் கடைசி மங்களம் வரை அமைத்தால் அது புதியது. தெரிந்த கதையில் இதுவரை பேசாத பாத்திரத்தைப் பேச வைத்தால் அதுவும் புதியது. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். விடிய விடிய நடத்த ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது: 2000-ல் வந்த ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு நள்ளிரவு வரை மட்டும் தளர்வு தரலாம். ஆகவே மாலை 6 மணிக்குத் தொடங்கும் நான்கு மணி நேரக் கூத்து என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துவரும் அளவு.

இனி பணம். அழைப்பில் தொகையைப் போடுங்கள். 'தகுந்த சன்மானம் வழங்கப்படும்' என்ற வாக்கியத்தை இனி யாரும் எழுதக் கூடாது என்பது என் ஆசை. எட்டுப் பேர் கொண்ட குழு 30 நாள் ஒத்திகை பார்க்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு டீ, பஸ், சாப்பாடு என்று 300 ரூபாய் போட்டாலே 72,000 ரூபாய் ஆகிறது. இதில் யாருக்கும் சம்பளம் இல்லை, ஒப்பனை இல்லை, துணிமணி இல்லை, திருச்சிக்கு வந்துபோகும் செலவும் இல்லை. உங்களால் ஒரு படைப்புக்கு 40,000 ரூபாய்தான் முடியும் என்றால், எட்டுப் பேர் 30 நாள் வேலை செய்யும் படைப்பை நீங்கள் கேட்கவே கூடாது. மூன்று பேர் செய்யும் 40 நிமிடப் படைப்பைக் கேளுங்கள். பத்துக் குழுக்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தருவதைவிட நான்கு குழுக்களுக்கு ஒழுங்காகத் தருவது நல்லது. தொகையில் பாதியைத் தேர்வான அன்றே கொடுங்கள், ஏனென்றால் செலவு ஒத்திகையில்தான் இருக்கிறது. மேடையேறிய பிறகு வரும் பணம், ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கு வட்டியோடு சேர்த்துத்தான் போய்ச் சேரும்.

விண்ணப்பக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். கட்டணம் வைத்தால் விளையாட்டாக விண்ணப்பிப்பவர்கள் குறைவார்கள் என்று சொல்வார்கள். குறைவது கையில் 500 ரூபாய் இல்லாதவர்கள். நடனத்தில் இது இன்னும் மோசம். மேடை கிடைக்க நடனக் கலைஞரே பணம் கட்டும் வழக்கம் சில இடங்களில் இருப்பது அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கவாத்தியக்காரர்களுக்கான தொகை, ஒப்பனை, நகை எல்லாம் சேர்ந்து, நடனத்தை வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆடக்கூடிய கலையாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அழைப்பில் 'எந்தக் கட்டத்திலும் கலைஞரிடமிருந்து பணம் பெறப்படாது' என்று ஒரு வரி போட்டால், அதைப் படிக்கும் இளம் நடனக் கலைஞருக்கு உங்கள் விழாவைப் பற்றி நிறையப் புரிந்துவிடும்.

இடத்தைப் பற்றிய விவரங்களை அழைப்போடு கொடுப்பவர்கள் அபூர்வம். ஆனால் படைப்பாளிக்கு அதுதான் முதல் தேவை. மேடையின் அகலம், ஆழம், உயரம், பக்கங்களில் மறைவு உண்டா, பின்னால் குறுக்கே போக வழி உண்டா, எத்தனை விளக்குகள், இருட்டாக்க முடியுமா, பார்வையாளர் மூன்று பக்கம் உட்கார முடியுமா. நடனம் என்றால் தரை முக்கியம். மரத்தரை கால் வாங்கும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சிமெண்ட், கிரானைட் தரையில் தட்டி ஆடினால் முழங்காலும் முதுகும் அதைத் தாங்குகின்றன. கல்யாண மண்டபத்தில் நடத்துகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தெரிந்தே அதற்கேற்ப உருவாக்குவார்கள். ஒரு நாளில் நான்கு நிகழ்ச்சிகள் என்றால் மேடையைத் தயார் செய்ய ஒவ்வொருவருக்கும் அரை மணிதான் கிடைக்கும். முன்பே தெரிந்தால் யாரும் பெரிய செட்டோடு லாரியில் வந்து இறங்க மாட்டார்கள். எடின்பரோவில் அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் ஓடும் அரங்குகளில் ஒரு நாற்காலி, ஒரு பெட்டி, இரண்டு விளக்கு என்று படைப்புகள் சிக்கனமாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வுக் குழுவில் யார் யார் என்பதை அழைப்பிலேயே பெயரோடு சொல்லுங்கள். நம்முடைய கலை உலகம் சின்னது. நடுவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் குரு சிஷ்ய உறவோ, ஒரே குழுவில் இருந்த பழக்கமோ இருக்கத்தான் செய்யும். அதை ஒழிக்க முடியாது, வெளிப்படையாக்க முடியும். தன் மாணவரின் விண்ணப்பம் வரும்போது அந்த நடுவர் அறையை விட்டு வெளியே போய்விடுவது என்ற விதி போதும். நாடகப் பிரதிகளை மட்டும் பெயரை மறைத்துப் படிக்கலாம். கூத்திலும் நடனத்திலும் அது நடக்காத காரியம், குரலும் உடம்பும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் எந்தத் தேதியில் வரும் என்று எழுதுங்கள், அந்தத் தேதியில் எல்லோருக்கும் பதில் போட வேண்டும். தேர்வாகாதவர்களுக்கும்தான். இரண்டு வரி போதும், ஆனால் அந்த விண்ணப்பத்தைப் படித்தவர் எழுதியது என்று தெரிய வேண்டும். பதிலே வராமல் போனவர் அடுத்த முறை அனுப்ப மாட்டார்.

உரிமை விஷயத்தில் பல விழாக்களின் அறிவிப்புகள் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கின்றன. தேர்வான படைப்பின் எல்லா உரிமையும் விழாவுக்கு என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. முதல் மேடையேற்றம் உங்கள் விழாவில் நடக்க வேண்டும், ஆவணத்துக்காக ஒரு பதிவு எடுத்துக்கொள்வோம். பதிவை யூடியூபில் போடுவதென்றால் தனியாகக் கேளுங்கள். முழு நாடகமும் இலவசமாகக் கிடைத்த பிறகு அடுத்த ஊரில் அதற்கு டிக்கெட் விற்பது கஷ்டம். முதல் மேடையேற்றம் என்ற நிபந்தனை, தங்கள் சொந்த ஊரில் நாலு பேர் முன்னால் வாசித்துப் பார்ப்பதைத் தடுக்காது என்றும் தெளிவாக்குங்கள். கதையைத் தழுவி எழுதுபவர்களுக்கு ஒரு நினைவூட்டலும் வேண்டும். இந்தியாவில் எழுத்தாளர் காலமான பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948-ல் காலமானார், அவர் கதையை நாடகமாக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அண்மையில் மறைந்தவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆகாதிருந்தால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒத்திகை முடிந்தபின் இதைத் தேடி ஓடுவது வேதனை.

பிரதியை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்துவிட வேண்டுமா என்ற கேள்வியும் வரும். இங்கே நம் மாநிலத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து 1954-ல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் நிழலில், பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் இங்கே இருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. ஒரு நாடகக்காரர் தனியாகப் போராடிப் பெற்றுத்தந்த சுதந்திரம் அது. விழாக்காரர்கள் அதே வேலையை வேறு பெயரில் செய்யக் கூடாது. 'சர்ச்சைக்குரிய உள்ளடக்கம் ஏற்கப்படாது' என்ற வரி உங்கள் அழைப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள். யாருக்குச் சர்ச்சை, எது சர்ச்சை என்று எழுதாத அந்த ஒரு வரிக்குப் பயந்தே பலர் தங்கள் நல்ல யோசனையை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டாவது யோசனையை அனுப்புவார்கள். அரங்கப் பாதுகாப்பு, நெருப்பு, உயிர்ப்பிராணிகள் பற்றிய நிபந்தனை இருக்கலாம். கருத்துக்கு வேண்டாம்.

இவ்வளவையும் சேர்த்தால் அழைப்பு எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படி. ஊர், தேதி, தொகைகளை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"திருச்சியில் தை மாதக் கடைசியில் நடக்கும் எங்கள் விழாவுக்கு, இதுவரை மேடையேறாத நான்கு படைப்புகளைத் தேடுகிறோம். நாடகம், கூத்து, நடனம், இவை கலந்தது எதுவாகவும் இருக்கலாம். யோசனையாக மட்டும் இருந்தாலும் அனுப்பலாம். குழுவாகவோ தனி ஆளாகவோ விண்ணப்பிக்கலாம். ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், அல்லது ஐந்து நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை. தேர்வாகும் ஒவ்வொரு படைப்புக்கும் 60,000 ரூபாய். பாதி உடனே, மீதி விழா நாளன்று. பயணமும் தங்குமிடமும் உணவும் எங்கள் பொறுப்பு, ஆறு பேர் வரை. மேடை 28 அடி அகலம், 20 அடி ஆழம், மரத்தரை. படமும் விளக்குப் பட்டியலும் இத்துடன் உள்ளன. படைப்பு உங்களுடையது, முதல் மேடையேற்றம் மட்டும் எங்களுடையது. புரட்டாசி முடிவதற்குள் எல்லோருக்கும் பதில் சொல்வோம். சந்தேகம் இருந்தால் மாலை 5 முதல் 8 வரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம்."

கடைசி வரியில் உள்ள தொலைபேசி எண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விண்ணப்பிக்கத் தயங்குபவர்கள் முதலில் கேட்பது 'எங்களை மாதிரி ஆட்களும் அனுப்பலாமா?' என்பதுதான். பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவரை அந்த வேலைக்குப் போடுங்கள்.

தை மாதக் கடைசி என்று நான் போட்டதற்குக் காரணம் உண்டு. கூத்து ஜமாக்களுக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கும் கோயில் திருவிழாக் காலம்தான் வருமானக் காலம். மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி வரை ஓடும். அந்த மாதங்களில் புதிய படைப்புக்கு ஒத்திகை பார்க்கச் சொல்வது அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் கைவைப்பது. நடனக் கலைஞர்களுக்கு மார்கழியும் தையின் தொடக்கமும் கிடைக்காது, சென்னையில் சபா நிகழ்ச்சிகள் நெருக்கும். ஆகவே ஆடி முடியும் நேரத்தில் அழைப்பை வெளியிட்டு, ஆறு வாரம் திறந்து வைத்து, புரட்டாசியில் தேர்வை முடித்தால், ஐப்பசியிலிருந்து மூன்று மாதம் ஒத்திகைக்குக் கிடைக்கும். திறந்தவெளி நிகழ்ச்சிகள் மழையால் குறையும் காலம் அது, பலர் வீட்டில் இருப்பார்கள். கார்த்திகையில் ஒருமுறை நீங்களே நான்கு இடங்களுக்கும் நேரில் போய் ஒத்திகையைப் பாருங்கள். குறை சொல்வதற்காகப் போகாதீர்கள், என்ன தேவைப்படுகிறது என்று கேட்பதற்காகப் போங்கள்.

விழா முடிந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. புதிய படைப்புகள் பெரும்பாலும் முதல் மேடையோடு நின்றுபோகின்றன. இரண்டாவது மேடைதான் கிடைப்பதில்லை. தஞ்சாவூர், மதுரை, புதுச்சேரி என்று பக்கத்து ஊர்களில் விழா நடத்துபவர்களையும் கல்லூரி நாடகத் துறைகளையும் உங்கள் விழாவுக்கு விருந்தினராக அழைத்து, அந்த நான்கில் ஒன்றையாவது அவர்கள் எடுத்துக்கொள்ளுமாறு இப்போதே பேசி வையுங்கள். முடிந்தால் அந்த ஊர்களின் பெயரையும் அழைப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு மேடை நிச்சயம் என்று தெரிந்தால் மூன்று மாதம் உழைக்க யோசிக்க மாட்டார்கள்.